எலியின் ஈரலும் முதற் சீலமும்

உப்பலில் வாழும் நம் அன்பர் ஒருவர் சென்ற பௌர்ணமிக்குப்பின் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அவர் ஆய்வுச்சாலை ஒன்றில் விலங்குக் கூடத்துப் பணியாளர். கூண்டுகளைத் துப்புரவு செய்தல், எலிகளுக்குத் தீனியும் நீரும் வைத்தல், அவற்றை நிறுத்து எடை குறித்தல், ஆராய்ச்சி மாணவர் கேட்கும்போது பிடித்துக் கொடுத்தல், ஆய்வு முடிந்த நாளில் அவற்றின் உயிரைப் போக்குதற்கு உடனிருந்து உதவுதல், எஞ்சியதைப் பையிலிட்டுக் கட்டி எரியுலைக்கு அனுப்புதல் ஆகியவை அவருடைய தொழில்.

"ஐயா, பௌர்ணமியன்று மாலை நான் பஞ்சசீலம் ஏற்றேன். மறுநாட் காலை இருபத்து நான்கு எலிகளுக்கு முடிவு நாள். நான் ஏற்ற முதற் சீலம் ஓர் இரவுகூட நிலைக்கவில்லையே! என் மனைவி சயரோகத்திற்கு மருந்துண்டு பிழைத்தவள். அவள் உண்ட அதே மருந்தைத்தான் இவ்வெலிகளுக்கும் புகட்டுகிறோம். நான் செய்வது பாவமா, புண்ணியமா? மழுப்பாமல் விடை எழுதுங்கள்" என்று அவர் கேட்டிருந்தார்.

மழுப்பாமல் எழுதுங்கள் என்ற அச்சொல் நம்மை இரண்டு வாரம் உறங்கவிடவில்லை. ஒருவருக்குத் தனியாக எழுதி முடித்துவிடக்கூடிய வினா அன்று இது. மாத்திரை விழுங்கும் நாம் அனைவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா. ஆகவே இவ்விதழில் எல்லோருக்குமாக எழுதுகின்றோம். உள்ளதை உள்ளவாறு காண்டல் தம்மத்தின் முதற்படி. எனவே அறம் பேசுமுன் அக்கூடத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை முதலிற் காண்போம்.

கூடத்தில் நிகழ்வது

ஈரல் உடலின் பெருஞ் சமையற்கூடம். கழிவைப் பிரிக்கும் இடமும் அதுவே. நாம் உண்ணும் மருந்து எதுவாயினும் பெரும்பாலும் அதன் வழியே செல்லும். ஈரலின் உயிரணுக்களுக்குள் நொதிகள் எனப்படும் பொருள்கள் இருந்து வேலை செய்கின்றன. மருத்துவமனைச் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி. என்றும் எஸ்.ஜி.பி.டி. என்றும் எழுதப்படுபவை அவற்றுள் இரண்டு. இவை இயல்பில் அணுவுக்குள்ளேயே தங்கியிருப்பவை. அணுவின் உறை சிதைந்தால் இரத்தத்தில் கசிந்து வரும். குதிரில் ஓட்டை விழுந்தால் நெல் தரையிற் சிந்திக் கிடப்பதைக் கண்டு நாம் அறிந்துகொள்வதில்லையா? அதுபோல இரத்தத்தில் இந்நொதிகள் மிகுந்திருப்பதைக் கண்டு ஈரலின் கேட்டினை மருத்துவர் அறிகின்றனர். இவற்றை நிறங்கொண்டு எளிதில் அளக்கும் முறையை ரைட்மன், ஃப்ராங்கல் என்னும் இருவர் 1957இல் வெளியிட்டனர். சிறிய கல்லூரிகளும் இவ்வகை ஆய்வில் இறங்க அம்முறை வழி திறந்தது.

வேறொரு வகை நொதிகளும் உள்ளன. சைட்டோகுரோம் பி-450 என்னும் குடும்பத்தைச் சேர்ந்த அவை மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுபவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுள் சில இவற்றைத் தூண்டும், சில அடக்கும். சயரோகத்திற்குத் தரும் ரிஃபாம்பிசின் மனித ஈரலில் இவற்றைத் தூண்டுவதால், உடன் உண்ணும் வேறு மருந்துகள் விரைவில் அழிந்து பயனிழக்கக்கூடும். எரித்ரோமைசின் அடக்குவதால், உடன் உண்ணும் மருந்து உடலில் தேங்கி நஞ்சாகக்கூடும். ஆகவே மருந்துக்கும் ஈரல் நொதிக்கும் உள்ள உறவை அறிதல் வீண் ஆராய்ச்சி அன்று; நோயாளியின் உயிரைத் தொடுவது.

இனி, எலிகள். அவற்றைச் சிறு குழுக்களாகப் பிரிப்பர். குழுவுக்கு ஆறு என்பது பல கூடங்களின் வழக்கம். ஒரு குழுவுக்கு வெறும் நீர். மற்றொன்றுக்கு ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும். பிற குழுக்களுக்கு அம்மருந்துகளோடு ஏதேனும் ஒரு மூலிகைச் சாறு. வளைந்த ஊசிக் குழாயை வாயினுள் செலுத்தி வயிற்றில் மருந்தை இறக்குவர். சில வாரங்கள் இவ்வாறு நாள்தோறும் நடைபெறும். இறுதி நாளில் மயக்கமூட்டி, இரத்தம் எடுத்து, உயிரைப் போக்கி, ஈரலை அறுத்தெடுத்து, அரைத்து, நொதிகளை அளப்பர். ஏட்டில் சில எண்கள் எழுதப்படும். கூண்டுகள் கழுவப்படும். இதுதான் நம் அன்பர் நாள்தோறும் காண்பது.

எவ்வாறு தொடங்கிற்று?

1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை இனிய திரவமாக விற்றனர். அதில் மருந்தைக் கரைத்திருந்த பொருளே கொடிய நஞ்சு. எவ்வுயிரிடத்தும் சோதியாமல் விற்பனைக்கு விட்டதால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவருட் பலர் குழந்தைகள். மறு ஆண்டே, மருந்தை விற்குமுன் அதன் தீங்கின்மையைக் காட்டவேண்டும் என அங்கே சட்டம் பிறந்தது. விலங்குச் சோதனை மருந்துலகில் வேரூன்றியதற்கு இஃதொரு பெருங்காரணம்.

1940 மே 25ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி என்னும் அறிஞர் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தினார். நான்கிற்குப் பென்சிலின் தந்தார், நான்கிற்குத் தரவில்லை. விடியுமுன் தராத நான்கும் மாண்டன, தந்தவை வாழ்ந்தன. அந்த எட்டு எலிகளின்மேல் ஏறியே பென்சிலின் மனிதனிடம் வந்தது. அதன்பின் உயிர் பிழைத்த மக்களை எண்ணிக் கூற எவராலும் இயலாது.

நம் நாட்டு வரலாறும் இதனோடு பிணைந்தது. 1956இல் சென்னையில் சயரோக மருத்துவ ஆய்வு மையம் நிறுவப்பட்டது. அங்கே 193 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும், ஐசோனியாசிடும் துணை மருந்தும் ஓராண்டு தந்து பார்த்தனர். வீட்டிலிருந்தவர் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவில் வாழ்ந்த ஏழை மக்கள். ஆயினும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். 1959இல் வெளிவந்த அம்முடிவு உலகெங்கும் சயரோக மருத்துவத்தை மாற்றியது. பணக்காரனுக்கு மலைவாசம், ஏழைக்குச் சுடுகாடு என்றிருந்த நிலை தகர்ந்தது. சேரியிலும் ஆலைக் குடியிருப்பிலும் இருமி இருமி மாண்ட நம் பாட்டன்மாரை எண்ணிப் பார்ப்போருக்கு, அம்மருந்து வெறும் பண்டமாகத் தோன்றாது. அதனை மனிதனுக்குத் தருமுன் எலிகளும் கினிப்பன்றிகளும் தந்த விலையையும் மறத்தற்கில்லை.

எலி சொல்லாதவை

ஆயின் எலி எல்லாவற்றையும் நமக்குச் சொல்லிவிடுகின்றதா? இல்லை. எலியைக் காத்த பென்சிலின் கினிப்பன்றியைக் கொல்லும். அதன் குடலில் வாழும் நன்மைதரும் நுண்ணுயிர்களை அழித்துத் தீய கிருமிக்கு இடங்கொடுப்பதே காரணம். ஃபுளோரி அன்று எலிக்கு மாறாகக் கினிப்பன்றியைக் கையிலெடுத்திருந்தால் பென்சிலின் பயனற்ற நஞ்சென்று ஒதுக்கப்பட்டிருக்கவுங் கூடும்.

ஐசோனியாசிடு 1952இல் வழக்கிற்கு வந்தது. அது சிலருடைய ஈரலைக் கடுமையாகத் தாக்கும் என்பதை மருத்துவ உலகம் உரக்கப் பேசத் தொடங்கியது, 1970இல் வாஷிங்டன் நகரில் அரசு ஊழியர் 2,321 பேர் நோய் வராமற் காக்க அதனை உண்டபோதுதான். அவருள் 19 பேருக்கு ஈரல் நோய் கண்டது, இருவர் மாண்டனர். அம்மருந்தை உடல் பக்குவப்படுத்தும் வேகம் மனிதருக்கு மனிதர் வேறுபடும். நாய்க்கோ அதற்குரிய நொதியே இல்லை. ரிஃபாம்பிசின் மனித ஈரலின் நொதிகளைத் தூண்டுவது, உயிரணுவிலுள்ள ஒரு வாங்கியைப் பற்றிக்கொண்டு. அந்த வாங்கி 1998இல் கண்டறியப்பட்டது. எலியினிடத்தும் அத்தகைய வாங்கி உண்டு. ஆயின் ரிஃபாம்பிசின் அதனை மனிதனிடத்துப்போல் பற்றுவதில்லை. மருந்தின் அளவையும் நோக்குக. மனிதனுக்கு உடல் எடை கிலோ ஒன்றுக்கு 5 மில்லிகிராம் ஐசோனியாசிடு. எலிக்கு 50, சில இடத்து 100. சிற்றுயிர் மருந்தை விரைந்து கழிக்கும் என்பதைக் கணக்கிட்டாலும், எலியின் ஈரல் கெடும் வரை கொடுப்பதே நோக்கமாகிவிடுகின்றது.

இன்னொன்றையும் கூறவேண்டும். ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் சேர்ந்து எலியின் இரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி.யை உயர்த்தும் என்பது பல்லாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ஆயினும் புதிய மூலிகை ஒவ்வொன்றுக்கும், புதிய பட்டம் ஒவ்வொன்றுக்கும், அத்தெரிந்த கேட்டினை மீண்டும் புதிய எலிகளிடத்து உண்டாக்கிக் காட்டுகின்றனர். அவற்றுட் பல ஏட்டிலேயே நின்றுவிடுகின்றன. நோயாளியின் படுக்கையருகே ஒருநாளும் சென்று சேர்வதில்லை.

இரண்டு எளிய விடைகள்

நம் அன்பருக்கு எளிய விடைகள் இரண்டு கிடைக்கும். இரண்டும் மழுப்பலே.

முதலாவது: "நோக்கம் நல்லது, மக்களைக் காக்கச் செய்வதால் இதிற் சீலபங்கம் இல்லை" என்பது. பழைய உரையாசிரியர்கள் கொலைக்கு ஐந்து உறுப்புகள் கூறினர். ஓர் உயிர் இருத்தல், அஃது உயிரென்று அறிந்திருத்தல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு. ஆய்வுக்கூடத்தில் இவ்வைந்தும் குறைவின்றி இருக்கின்றன. எலி தற்செயலாய்ச் சாகவில்லை. நாட்குறிப்பில் எழுதி வைத்த நாளில், எழுதி வைத்த முறையிற் சாகின்றது. நல்ல நோக்கம் அச்செயலின் கனத்தைக் குறைக்கலாம். அதன் பெயரை மாற்றாது. வேள்வி செய்தவரும் உலக நன்மைக்கென்றே பசுவைக் கட்டினர். மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன், வேள்விச்சாலையிற் கட்டியிருந்த பசுவை இரவிலே அவிழ்த்துச் சென்றான். அவன் அந்தப் பெரிய நோக்கத்தைப் பார்க்கவில்லை, அஞ்சிநின்ற பசுவைப் பார்த்தான். அவன் வழிவந்தோர் நாம். நோக்கத்தின் பெயரால் கண்ணை மூடிக்கொள்ளல் நமக்குத் தகாது.

இரண்டாவது: "அப்படியானால் அந்த வேலையையும் விட்டுவிடு, அந்த மருந்தையும் தொடாதே" என்பது. இது தூய்மைபோல் தோன்றும். ஆயின் அன்பரின் மனைவியை நோக்கி இதனைச் சொல்லும் துணிவு நமக்குண்டா? வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவான் புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாற் கழுவிக் கிடத்தினார் என்று விநயம் கூறும். நோயாளிக்குச் செய்யும் பணியைத் தமக்குச் செய்யும் பணியாகவே அவர் கருதினார். நோயுற்றவனைச் சாகவிட்டுத் தன் கைகளின் தூய்மையைக் காத்துக்கொள்பவனிடம் கருணை இல்லை. தன்னைப் பற்றிய பற்றே உள்ளது.

வேள்விக்கும் ஆய்வுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வேள்வியின் பயனைச் சோதித்துப் பார்க்க இயலாது. ஆய்வின் பயனைச் சோதிக்கலாம். சோதிக்கலாம் என்பதனால்தான் ஒவ்வொரு முறையும் சோதித்தாக வேண்டும். பயனுண்டா என்று கேளாமல் செய்யும் ஆய்வு, வேள்வியாக மாறிவிடுகின்றது. அங்கே அக்கினிக்குப் பதில் எரியுலை, அவ்வளவே.

பாவத்தைக் கூலிக்கு விட முடியுமா?

அன்பரின் கடிதத்தில் நம்மை மிகவும் வருத்திய செய்தி வேறொன்று. அறுக்கும் மாணவருக்குப் பட்டம் கிடைக்கின்றது. வழிநடத்தும் பேராசிரியருக்குப் பெயர் கிடைக்கின்றது. மருந்து விற்பவருக்குப் பணம் கிடைக்கின்றது. நோயாளிக்கு உயிர் கிடைக்கின்றது. பாவமோ என்ற ஐயம் மட்டும் கூண்டு கழுவுபவருக்குக் கிடைத்திருக்கின்றது!

இக்கணக்கு நமக்குப் புதிதன்று. செத்த மாட்டைத் தூக்கும் வேலையை ஊர் நம் முன்னோர்மேல் சுமத்தியது. அதன் தோலில் செய்த செருப்பை அணிந்தது. அதன் தோலில் செய்த பறையைத் தன் சாவுக்கு அடிக்கச் செய்தது. பிறகு, தூக்கியவனைத் தீட்டென்றது. வேலையின் பயனை ஒருவர் எடுத்துக்கொண்டு அதன் மாசை மற்றொருவர்மேல் பூசும் வழக்கம் ஊரில் மட்டுமன்று, கண்ணாடிச் சன்னல் வைத்த ஆய்வுச்சாலையிலும் நுழையக்கூடும்.

தம்மம் இதனை ஏற்பதில்லை. தானே கொல்லுதல் போலவே பிறரை ஏவிக் கொல்வித்தலும் சீலபங்கமே என்று உரையாசிரியர்கள் ஐயத்திற்கிடமின்றிக் கூறியுள்ளனர். ஏவியவன் நாற்காலியில் அமர்ந்திருந்தமையால் தப்பிவிட முடியாது. ஆய்வு தேவையா என்று முடிவு செய்தவர் எவரோ, அவர்மேலேயே முதற்பொறுப்பு. மருந்தை உண்டு பிழைத்த நாம் கொலை செய்தவர் ஆகோம். ஆனால் கடன்பட்டவர் ஆவோம். கடனை மறுப்பவனுக்கும் கடனை ஒப்புக்கொள்பவனுக்கும் உள்ள வேறுபாடு அறத்தில் பெரிது.

அசோகனின் சமையலறை

ஆந்திரத்தில் கர்நூல் பகுதியிலுள்ள எர்ரகுடிப் பாறைகளில் அசோக மன்னனின் ஆணைகள் செதுக்கப்பட்டுள்ளன. அவன் பொறித்த முதற் பேராணையின் செய்தி வியப்புக்குரியது. முன்பு தன் சமையலறைக்கு நாள்தோறும் நூறாயிரக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன என்கிறான். இப்போது மூன்றே, இரண்டு மயிலும் ஒரு மானும். மானும் எந்நாளும் அன்று என்கிறான். அம்மூன்றும் இனிக் கொல்லப்படமாட்டா என்று முடிக்கிறான். இரண்டாம் ஆணையிலோ, சோழ பாண்டிய நாடுகள் உள்ளிட எங்கும் மனிதருக்கும் விலங்குக்கும் இருவகை மருத்துவம் அமைத்ததையும், மூலிகைகளை நடுவித்ததையும் கூறுகிறான்.

நாம் இங்கே கற்கத்தக்கவை மூன்று. அவன் தன்னைத் தூயவன் என்று காட்டிக்கொள்ளவில்லை. எஞ்சிய மூன்றையும் மறையாமல் ஊரறியக் கல்லில் எழுதினான். எண்ணிக்கையைக் குறைத்தான். குறைத்ததோடு நில்லாமல் இல்லாமற் செய்வதை இலக்காக வைத்தான்.

1959இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் ஆய்வு விலங்குகளைப்பற்றி எழுதிய நூலும் ஏறத்தாழ இவ்வழியே செல்கின்றது. விலங்குக்கு மாற்று தேடுக, எண்ணிக்கையைக் குறைத்திடுக, வேதனையைத் தணித்திடுக என்பன அவர்கள் வகுத்த மூன்று. நம் நாட்டில் 1960இல் விலங்கு வதைத் தடைச் சட்டம் வந்தது. மாநிலங்களவையில் அதற்கென முன்னின்று வாதாடியவர் ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார். 1998இன் விதிகள் ஆய்வுக்கூடங்களை மேற்பார்வைக்குள் கொணர்ந்தன. கூடந்தோறும் அமைய வேண்டிய அறக்குழுவில் அறிவியலார் அல்லாத, சமூக உணர்வுள்ள ஒருவரும் இருத்தல் வேண்டும். 2023இல் புதிய மருந்து விதிகள் திருத்தப்பட்டு, மனித உயிரணுக்களைக் கொண்டு செய்யும் சோதனை முதலிய மாற்று முறைகளுக்கும் இடமளிக்கப்பட்டது.

அன்பர் வாழும் உப்பலின் அண்டையிலேயே இதன் பழமையும் புதுமையும் இருக்கின்றன. தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கியது. 1958இல் ஐதராபாத்துக்கு வந்தது. குன்னூரில் மெக்காரிசன் என்பார் பல மாகாணத்து உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்து, தென்னாட்டு ஏழையின் சோற்றில் உள்ள குறைவை உலகுக்குக் காட்டினார். உப்பல் சாலையில் ஹப்சிகுடாவிலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சார்ந்த தொழில் வளர்ப்பகத்திலோ, விலங்குக்கு மாற்றாக மனித உயிரணு மாதிரிகளை உருவாக்கும் பணிக்கெனவே ஒரு பிரிவு நிறுவப்பட்டது. மனித ஈரலின் அணுக்களைக் கலத்தில் வளர்த்து, அவற்றின்மேல் மருந்தை இட்டு நொதியை அளக்க இன்று இயலும். ரிஃபாம்பிசினைப்பற்றி எலி சொல்லாததை அவ்வணுக்கள் சொல்கின்றன. எல்லாவற்றையும் அவை சொல்லிவிடா. முழு உடலில் நிகழ்வதைக் கலத்திற் காண்டல் இன்னும் அரிது. ஆகவே மூன்று எஞ்சியிருக்கும் காலம் இது. ஆயின் மூன்று எஞ்சியிருக்கிறது என்று சொல்லி நூறாயிரத்தைக் கொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அன்பருக்கு விடை

அன்பரே, நீர் கேட்டது பாவமா புண்ணியமா என்று. அக்கூடத்தில் நிகழ்வது உயிர்க்கொலையே. அதனை வேறு பெயரால் அழைக்க மாட்டோம். ஆனால் அது உம்முடைய கொலை மட்டும் அன்று. நல்வாழ்க்கைக்கு ஆகாதென விலக்கப்பட்ட வாணிபங்களுள் உயிர்களை விற்றலும் ஒன்று. நீர் உயிர்களை விற்பவர் அல்லர். உமக்கு வேறு பணி கிட்டுமாயின் மகிழ்ச்சியோடு செல்க. கிட்டாதாயின், உம்மிடத்தில் இரக்கமற்ற ஒருவர் வந்தமர்வதைவிட நீர் இருப்பது அவ்வெலிகளுக்கு நன்று. எலியைப் பிடிக்கும் கை நடுங்காத கையாய், அன்புள்ள கையாய் இருக்கட்டும். மயக்கம் முழுதும் ஏறுமுன் அறுக்க முற்படுவோரைத் தடுத்திடும். அது உமது உரிமை மட்டுமன்று, விதியும் உம் பக்கமே. முன்னரே விடை தெரிந்த ஆய்வென்று தோன்றினால் அறக்குழுவின் விலங்கு மருத்துவரிடம் அஞ்சாமற் கேளும். "இது எத்தனையாம் முறை?" என்ற கேள்வியே பல உயிர்களைக் காக்கும்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு சொல். அறக்குழுக்களில் அறிவியலார் அல்லாதார்க்குரிய அந்த ஓர் இடத்தில் அமர நம்மில் படித்தவர் முன்வர வேண்டும். ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகள், வேறு வழியில் விடை காணமுடியுமா என்று தேடியபின்னரே எலியைக் கேட்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தைக் காணாத மற்றவர்க்கும் கடமை உண்டு. மருத்துவர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லிகளை வாங்கி விழுங்குவதும், காய்ச்சல் தணிந்தவுடன் பாதியில் நிறுத்துவதும் கிருமிகளை வலுப்படுத்துகின்றன. பழைய மருந்து தோற்றால் புதியது தேட வேண்டும். புதியது தேடினால் புதிய எலிகள் சாக வேண்டும். சயரோகத்திற்கு ஆறு திங்கள் என்றால் ஆறு திங்களும் தவறாமல் உண்க. கண் மஞ்சளித்தாலோ, உணவு வெறுத்துக் குமட்டினாலோ உடனே மருத்துவரிடம் செல்க. இரத்தத்தில் நொதியைப் பார்ப்பது இன்று எளிது. மருந்துண்ணும் நாளில் கள்ளும் சாராயமும் தொடற்க; ஐசோனியாசிடோடு மது சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு மிகும். ஐந்தாம் சீலத்தைக் காப்பவன் தன் ஈரலைக் காப்பதோடு, தனக்காக மாண்ட உயிரின் சாவை வீணாக்காமலும் காக்கின்றான்.

வரும் பௌர்ணமியன்று நாம் சீலம் ஏற்கும்போது அன்பரும் நம்மோடு அமர்வார். அவர் தனியே ஒதுங்கி அமர வேண்டுவதில்லை. முதற் சீலத்தை நாம் எல்லோரும் முழுமையாகக் காத்துவிட்டவர்களாக ஓதப்போவதில்லை. அதனை நோக்கி நடப்பவர்களாகவே ஓதப்போகின்றோம். மருந்துண்டு பிழைத்த அவர் மனைவியும் அங்கே இருப்பார். அவருடைய நலத்தை வாழ்த்தும் அதே வேளையில், பெயரின்றி மாண்ட அச்சிற்றுயிர்களையும் நாம் நினைப்போமாக.